ஆறு பத்துக்குச் சத்தம் இல்லை

தம்பிக்கு,

உன் இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. தை மாதக் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். பெண்ணின் செருப்பு அளவு கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய், அதையும் விசாரிக்கிறேன். இந்த இரண்டுக்கும் கீழே, மடித்து ஒட்டுகிற ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி நெருக்கி நான்கு வரி எழுதியிருக்கிறாய். 'முகூர்த்தத்துக்கு முன்னால் அவளைத் தனியாகப் பார்த்து ஒன்று சொல்லப் போகிறேன். பதினாறு வயசில் என் கையால் ஒரு பொம்பளை செத்துப்போனாள் என்று. தெரிந்த பிறகு அவள் வேண்டாம் என்று சொன்னால் நீ யாரையும் வற்புறுத்தாதே.' அந்த நான்கு வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உனக்குப் பாவமாக இருக்கும், அதனால் சொல்லவில்லை. எனக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம், முக்கியமாக நீ.

அவளிடம் அப்படிச் சொல்லாதே. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து இதை எழுதவில்லை, நின்றால் நிற்கட்டும். நீ சொல்லப் போவது உண்மை இல்லை. அது உண்மை இல்லை என்று பத்து வருஷமாக எனக்குத் தெரியும். பெற்ற அம்மா நான் தெரிந்துகொண்டே, நீ அதைத் தூக்கிச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு, உனக்குச் சோறு போட்டிருக்கிறேன், பரீட்சைக்கு விபூதி பூசி அனுப்பியிருக்கிறேன், நாக்பூருக்கு ரயில் ஏற்றிவிட்டிருக்கிறேன். நேரில் சொல்லலாம் என்றால் நீ என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிடுவாய். உன் அப்பா இருந்தவரை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. என் இடது காதும் மந்தமாகிவிட்டது, வலதும் போகும் என்கிறார் டாக்டர். காதால் செய்த தப்பை, காது முழுக்கப் போவதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரி.

அம்பத்தூரில் நாம் இருந்த அந்த வீட்டை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதி மனைகள் இன்னும் காலியாகக் கிடந்த காலம். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில், நடுவில் செம்புக் கம்பி. அதுதான் நம் ஏரியல். தெருவில் எல்லோரும் நம்மை ரேடியோக்காரர் வீடு என்பார்கள். வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச அப்பாவுக்குக் கிடைத்த லைசென்ஸ், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களோடு மாட்டியிருந்தது. மற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பதினான்கு மெகாசைக்கிள், இருபத்தொன்று என்று மேலே ஏறிப் போய் வெளிநாட்டுக்காரனைப் பிடித்துப் பெருமைப்படுவார்கள். அப்பாவுக்குக் கீழேதான் பிடிக்கும். ஏழு மெகாசைக்கிள். பக்கத்து ஊர்க்காரனோடு ஒழுங்காகப் பேசத் தெரியாதவன் ஜப்பான்காரனோடு என்ன பேசப் போகிறான் என்பார். ஆனால் கீழே போகப் போக இரைச்சலும் அதிகம். எஸ்டேட்டின் வெல்டிங், மோட்டார், யார் வீட்டு ஸ்விட்ச், எங்கேயோ இடி, எல்லாம் அங்கேதான் வந்து சேரும். போதாததற்கு ஏழாயிரத்து நூறு கிலோசைக்கிளுக்கு மேலே வெளிநாட்டு ஒலிபரப்புகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவற்றுக்கு நடுவே இடைஞ்சல் இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேடுவது என் வேலை. கை அவருடையது, காது என்னுடையது. கல்யாணமான புதிதில் விளையாட்டாக மோர்ஸ் தந்தி பாஷை சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் நான் அவரைவிட நன்றாகக் கேட்டேன். பரீட்சைக்குப் போகச் சொன்னார், எனக்கு வெட்கம், போகவில்லை. அதனால் நான் பேசக் கூடாது, கேட்கலாம். காலை ஆறு, ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, சாயந்தரம் ஆறு என்று நாளுக்கு நான்கு வேளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஐந்து ஐந்து கிலோசைக்கிளாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிஷம் காத்திருந்து இந்த நோட்டில் எழுதுவேன். எங்கே இரைச்சல், எங்கே ஆள், எங்கே சத்தம் இல்லை. காலியாகத் தெரிகிற இடம் காலி என்று நினைக்காதே, நமக்குக் கேட்காத ஓர் ஆள் அங்கே இருக்கலாம், கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அதை ரேடியோவுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வாழ்க்கைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு என் காதின்மேல் அவ்வளவு திமிர்.

அந்த வருஷம் கிடைத்த இடம் ஏழாயிரத்து முப்பத்தைந்து. அதைப் பிடித்தது சேலத்துக்காரருக்காக. தபால் ஆபீஸில் தந்தி அடித்துக்கொண்டிருந்த மனிதர், இடுப்புக்குக் கீழே செத்துப்போய்ப் படுக்கையில் கிடந்தார். அவர் மனைவி பலகையில் தந்தி அடிக்கிற கட்டையை வைத்து அவர் வயிற்றின்மேல் நிறுத்துவாளாம், அப்படித்தான் அடிப்பார். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் படுப்பார். அந்த மனிதருக்கு ஒரு நாளில் இருந்தது அந்த அரை மணி நேரம்தான். நான் செய்ததற்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எதற்காக என்று நீ கேட்பாய், அதனால் சொல்கிறேன்.

கன்னியம்மாவை உனக்குத் தெரியும், ஆனால் பதினாறு வயதுப் பையனுக்குத் தெரிந்த அளவுக்குத்தான். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. எஸ்டேட் வருவதற்கு முன்னால் அதே நிலத்தில் நாற்று நட்டவள். எந்தப் பட்டறை எந்த வரப்பின்மேல் நிற்கிறது என்று சொல்வாள். புருஷன் ஏகாம்பரம் வார்ப்புப் பட்டறையில் இரவு ஷிப்ட். அவன் கழற்றிப் போடுகிற காக்கி கரியும் மணலுமாக நனைந்த சாக்கு கனம் கனக்கும். அதைக் கல்லில் அடித்துக்கொண்டே சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னோடு பேசுவாள். எனக்குத் தெருவில் வேறு சிநேகிதி கிடையாது. நான் கொஞ்சம் கர்வக்காரி என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அவள் மட்டும், 'உனக்கு இன்னாக்கா, காதுல தோடு மாதிரி ரேடியோவ மாட்டிகினு குந்திகினுகீற' என்று என்னைச் சிரிக்க வைப்பாள்.

ஐப்பசி மழை ஓய்கிற சமயம் அந்தச் சத்தம் வந்தது. வாணலியில் கடுகு வெடிப்பதுபோல. முதல் நாள் சாயந்தரத் தூறலில் கேட்டேன். மறுநாள் காலைப் பனியில் கேட்டேன். வெயில் ஏறினால் அடங்கிவிடும். நோட்டில் எழுதியிருக்கிறேன், நீயே பார்க்கலாம். அப்பாவிடம் சொன்னேன். "எங்கேயோ கரண்ட் லீக் ஆகுது. இந்த லீவு நாள்ல ரேடியோப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் எங்கேன்னு தேடலாம். அதுவரைக்கும் இடத்தை மாத்திப் பாரு" என்றார். அந்த லீவு நாளில் உனக்குக் காய்ச்சல், அடுத்ததில் ஒரு கிருகப்பிரவேசம், அதற்கடுத்ததில் மழை. நான் இடத்தை மாற்றிப் பார்த்தேன். இருபது, முப்பத்தைந்து, அறுபது என்று தாவித் தாவி அந்தச் சத்தத்துக்கு வழிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை தம்பி. இடைஞ்சல் என்றால் விலகிப் போவதற்குப் பழகியவர்கள். அது எங்கிருந்து வருகிறது, யாருக்கு வருகிறது என்று கேட்கத் தோன்றாதவர்கள்.

சத்தம் தொடங்கிப் பதினோரு நாள் கழித்துத்தான் கன்னியம்மாவின் கொடிக்கயிறு அறுந்தது. நம்மிடம் ஏரியலில் மிச்சமான செம்புக் கம்பி ஒரு சுற்று இருந்தது, நான்தான் கொடுத்தேன். நீ சுவரேறிக் குதித்துப் போய்க் கட்டினாய். ஒரு முனை முருங்கை மரத்தில். இன்னொரு முனைக்கு இடம் தேடி, அவள் வீட்டுச் சுவரில் கரண்ட் ஒயர் இறங்குகிற இரும்புக் குழாயைக் காட்டி, "இங்க கட்டலாமாம்மா?" என்று கேட்டாய். "கட்டு" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டே சொன்னேன். நீ கேட்டதும் நான் சொன்னதும் உனக்கு நினைவில்லையா, அல்லது எனக்காக மறந்துபோனாயா, தெரியவில்லை. பத்து வருஷத்தில் ஒரு முறைகூட நீ அதைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சத்தம் ஒரு புது நேரத்துக்கு வந்தது. ஏகாம்பரம் வந்து காக்கியைக் கழற்றிப் போட்டு, அவள் துவைத்து முடிக்க மணி ஒன்பதாகும். ஈரக் காக்கி கம்பியில் ஏறியதும் கனத்தில் குழாய் அசையும், என் காதில் கடுகு வெடிக்கும். அவள் கொடியில் ஒவ்வொரு துணியாகப் போடப் போட எனக்கு இங்கே உட்கார்ந்தபடியே எண்ணத் தெரியும். இதோ சட்டை, இதோ பேன்ட் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளிடமே சொல்லியிருக்கிறேன். "நீ துணி காயப்போட்டா என் ரேடியோ கத்துதுடி." அவளும் சிரித்தாள். எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அதை வைத்து வேடிக்கை பேசிக்கொண்டிருந்தோம். இதைவிடக் கேவலமாக ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் அவள் சுவரோரம் வந்து விரலை நீவிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, அந்தக் கம்பி சுருக்குன்னு கடிக்குதுக்கா."

"ஈரக்கையோட செம்பைத் தொட்டா அப்படித்தான்டி இருக்கும்" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு இன்னா தெரியும்" என்று போய்விட்டாள்.

அப்படி ஒன்றும் இல்லை. ஈரக்கையோடு செம்பைத் தொட்டால் ஒன்றும் கடிக்காது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேடியோக்காரி இல்லையா நான், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். உனக்குக் கல்யாணமாகப் போகிறது, இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஒன்று சொல்ல எனக்கு யோக்கியதை இருந்தால் அது இதுதான்: உன் பெண்டாட்டி ஒன்று சுருக்கென்று குத்துகிறது என்று சொன்னால், அது ஏன் குத்துகிறது என்று விளக்கம் சொல்லாதே. எழுந்துபோய்ப் பார். அது வெறும் முள்ளாக இருக்கலாம், உன் அம்மா சொன்ன வார்த்தையாக இருக்கலாம், உன் பேச்சாகவே இருக்கலாம். எதுவானாலும் முதலில் எழுந்து போ. உன் அப்பா பத்தில் எட்டு முறை எழுந்து போவார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிற ரகம். நீ என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்கழி பிறந்து பனி கொட்டத் தொடங்கியது. ஒரு நாள் சேலத்துக்காரர் அடித்தார், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. நான்கு நாளாக நான் சொல்வது உங்களுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், உங்களுக்குச் சிரமம், நிறுத்திக்கொள்ளலாமா என்று. அப்பா முகம் தொங்கிப்போய்ப் படுக்கப் போனார். நான் நேராகப் பின்பக்கம் போனேன்.

"கன்னியம்மா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். ஒன்பது மணிக்குத் துணி காயப்போடாதே. சேலத்துல ஒருத்தர் படுத்த படுக்கையா கிடக்கிறார், அவர் பேசுறதே எங்களுக்குக் கேக்கல."

"அய்ய, பாவம். அப்ப எப்போ போடணும்னு சொல்லு."

"காலையிலேயே போட்டுடு. ஆறு மணிக்கெல்லாம்."

"ஆறு மணிக்கா? பனி கொட்டிகினு கீதேக்கா, எப்படிக் காயும்?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உடு. துணிய ராவுல ஊற வெச்சிட்டு விடியக் கசக்கிக்கிறேன். உனக்கோசரம் இதுகூட செய்ய மாட்டனா" என்றாள்.

வெயில் காய்ந்து தரை உலர்ந்த பிறகு ஒன்பது மணிக்கு அந்தக் கம்பி விரலைக் கடித்தது. பனியில் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிற ஆறு மணிக்கு, ஈரத் தரையில், செருப்பில்லாத காலோடு நிற்கிறவளை அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பனியில்தான் சத்தம் அதிகம் என்று என் கையாலேயே நாற்பது நாளாக எழுதி வைத்திருக்கிறேன். நோட்டைப் புரட்டக்கூட வேண்டாம், மனப்பாடம். ஆனால் நான் ஒன்பது மணியைக் காலி செய்வதை மட்டும்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை நடந்தது உனக்குத் தெரிந்தவரை சரி. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஊரை அடித்துக்கொண்டிருந்தது, யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழே முக்காலுக்கு ஏகாம்பரம் ஷிப்ட் முடிந்து வந்து பின்பக்கம் போனான். அவன் போட்ட கூச்சலில் நீ பாயிலிருந்து எழுந்து ஓடினாய், நான் உனக்குப் பின்னால் ஓடி வந்தேன். யாரோ அவர்கள் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினார்கள். கம்பி குழாயிலிருந்து கழன்று அவள் தோளில் கிடந்தது. அவர்கள் பெண் குழந்தை, ஆறு வயசு, வாசற்படியில் பல் பொடியோடு நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார், ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். தெருவே கூடியிருந்தது. "கம்பியை இழுத்துக் கட்டியிருக்காங்க. குழாய் சாஞ்சு, உள்ளே ஒயர் தேஞ்சு, கருகி அறுந்திருக்கு. யார் கட்டினது?" என்றார். "நான்தான் சார்" என்றாய். குரல் உடைந்துகொண்டிருந்த வயசு உனக்கு, பாதி வார்த்தை கீச்சென்று வந்தது. ஏகாம்பரம் உன்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான். "ஏன்டா, உனக்கு வேற எடமே கெடைக்கலயா?" அவ்வளவுதான். கரண்ட் ஆபீஸ்காரர் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

நான் உனக்கு மூன்று அடி தள்ளி நின்றேன். நோட்டு என் இடுப்பில், புடவைக்குள் செருகியிருந்தது. அதைக் காட்டத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். நீ கம்பி கட்டுவதற்குப் பதினோரு நாள் முன்னாலிருந்தே அந்தக் குழாயில் லீக் இருந்தது, நீ இழுத்துக் கட்டியதால் வந்ததில்லை என்று அதில் தேதியோடு இருக்கிறது. எடுத்து நீட்டினால் போதும். ஆனால் முதல் பதினோரு நாளைப் படிக்கிறவன் கடைசிப் பக்கத்தையும் படிப்பான். இத்தனை நாள் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பான். ஆறு மணிக்கு வரச் சொன்னது யார் என்று விசாரிப்பான். அப்போது எனக்குள் ஓடியதை அப்படியே எழுதுகிறேன்: இவன் பதினாறு வயசுப் பையன், தெரியாமல் செய்தான் என்று ஊர் நாலு நாளில் மறந்துவிடும், என்மேல் விழுந்தால் அது போகவே போகாது. உன்னைப் பெற்றவள் இப்படிக் கணக்குப் போட்டாள். கணக்கும் தப்பு. ஊர் மறந்தது, நீ மறக்கவில்லை.

அன்று ராத்திரி அப்பா நோட்டைப் படித்துவிட்டு, "நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்துடு" என்றார். "லைசென்ஸ் போயிடும்" என்றேன். "போகட்டும்" என்றார். நான் கொடுக்கவில்லை. ஒரு வாரம் பார்த்தார், பிறகு மாடிக்குப் போய்த் தன் கையாலேயே ஏரியலை இறக்கிச் சுருட்டினார். என்னை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. செத்துப்போன மனுஷன்மேல் கோபப்படுவது லேசு, அதனாலும் இருக்கலாம்.

நீ லைசென்ஸ் பரீட்சைக்கு வாங்கி வைத்திருந்த புத்தகத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாய். எலெக்ட்ரிகல் டிப்ளமாவுக்கு இடம் கிடைத்தும் போகாமல் டைப்ரைட்டிங் படித்தாய். வீட்டில் பல்பு போனால் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறுவேன், நீ வெளியே போய்விடுவாய். போன வருஷம் நாக்பூருக்கு வந்தேனே, அப்போது உன் அறையில் கொடி இல்லை என்பதைப் பார்த்தேன். நனைந்த சட்டையை நாற்காலி முதுகில் போட்டு, அது சொட்டுகிற இடத்தில் ஒரு கிண்ணம் வைத்திருந்தாய். வராந்தா முழுக்க மற்றவர்களின் துணி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சட்டையில நாத்தம் வரும், வெயில்ல போடு" என்று சொன்னேன். இதுதான் உன் அம்மா.

உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் ஏகாம்பரத்திடம் போக வேண்டும் என்று தோன்றியது. வியாழக்கிழமை ரயிலேறிக் கொரட்டூருக்குப் போனேன். ஏரிப் பக்கம் ஒரு போர்ஷனில் மகளோடு இருக்கிறான். அந்தக் குழந்தைக்கு இப்போது உன் அன்றைய வயசு. அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "இன்னாம்மா, சொல்லு" என்றான். ஆறு மணிக்குத் துணி போடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றான். "நான் வேலைக்குக் கெளம்பும்போது சொன்னா. ரேடியோக்காரக்கா கேட்டுகிச்சி, விடியத் துணி போடணும்னு. கம்பி கடிக்குதுன்றியேன்னு கேட்டேன். அதுவும் அக்காதான் சொல்லிச்சாம், ஒண்ணும் இல்லன்னு."

"ஏன் அன்னிக்கு அந்தக் கரண்ட் ஆபீஸ் மனுஷன்கிட்ட சொல்லல?"

"சொன்னா? எய்ந்து வந்துடுவாளா?"

அவனுக்குத் தெரியாதது அந்தச் சத்தத்தை நான் கேட்ட நாற்பத்தோரு நாள் மட்டும்தான். அதைச் சொன்னேன். சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டான். கடுகு வெடிப்பதுபோல என்றேன். அடுப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் புள்ள கம்பி கட்றதுக்கு மின்னாடியே கேட்டுகினு இருந்திச்சா?"

"பதினோரு நாள் முன்னாடியே."

"அன்னிக்கி நான் அந்தப் புள்ளய ஒரு வார்த்த கேட்டுட்டேன். அது தப்பு. அத்தப் போயி அதுகிட்ட சொல்லு. அதுக்குக் கல்யாணம்னா நல்லாருக்கட்டும்." எழுந்து கதவைத் திறந்துவிட்டான். "நீ இன்மே இங்க வர வேணாம்மா."

அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு நான் வரலாமா என்பதை நீ முடிவு செய். மேடையில் உன் பக்கத்தில் நிற்பதற்கு உன் பெரியம்மா இருக்கிறாள், ஊருக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அழுகை வருகிறது, வரட்டும், அது உன்னை ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை ஏகாம்பரத்திடமும் சொல்லவில்லை, அப்பா படித்திருப்பார், ஆனால் என்னிடம் பேசியதில்லை. அந்தக் காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. என் ஆறு மணி வேளையை நான் விட்டதே கிடையாது. ஒலிபெருக்கிச் சத்தம் நுழையாதபடி ஹெட்போனை இறுக்கி மாட்டிக்கொண்டு முப்பத்தைந்தில் உட்கார்ந்திருந்தேன். கடுகு வெடிக்கத் தொடங்கியது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். இதோ சட்டை. பிறகு துணியைக் கிழிப்பதுபோலப் பெரிதாக ஒரு சத்தம், காதிலிருந்து ஹெட்போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். பிறகு நின்றுவிட்டது. நாற்பத்தோரு நாளில் முதல் முறையாக, பனி கொட்டுகிற காலையில், முழுக்க நின்றுவிட்டது. மூன்று நிமிஷம் காத்திருந்து பார்த்தேன். எழுதினேன். எழுந்துபோய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். அவளுக்கு அப்போது உயிர் இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. ஒன்பது மணிக்கு அவளைத் திண்ணையில் துணி போர்த்திக் கிடத்தியிருந்தபோது, நான் புடவை மாற்ற வீட்டுக்குள் வந்தேன். பெட்டி அணைக்காமல் இருந்தது. மேஜையில் கிடந்த ஹெட்போனில் சேலத்துக்காரர் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல அவ்வளவு தெளிவாக.

இப்போது அந்த மடித்த பக்கத்தைப் பிரி. '6.10. 7035. சத்தம் இல்லை.' அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், அது சந்தோஷத்தில் போட்டது. அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்கும்போது இதை அவளிடம் காட்டு. இது யாருடைய கையெழுத்து என்று கேட்பாள். என் அம்மாவுடையது என்று சொல்.